அசதி குடிச்ச பூசணிக்காய்

பூசணிக்காய் உடையலை.

ஆயுத பூஜை அன்னைக்கு மத்தியானம், கோயமுத்தூர்ல சென்னியப்பனோட மோட்டார் கம்பெனி கேட்டுக்கு முன்னாடி, நல்ல நேரம் முடியறதுக்குள்ள முடிச்சிரணும்னு எல்லாரும் அவசரப்படுத்த, துளசிமணி தானே மூடி வெட்டிக் குங்குமம் கொட்டி வெச்சிருந்த அந்த வெள்ளைப் பூசணிக்காயை மூணு சுத்து சுத்தி, மேல கற்பூரம் எரிஞ்சுக்கிட்டு இருக்கறப்பவே தலைக்கு மேல தூக்கி, வருசம் பூராப் பட்ட கண்ணெல்லாம் ஒழியட்டும்னு ஓங்கித் தரையில போட்டா, அது டொம்முனு ஒரு சத்தம் போட்டுச்சு, முழங்கால் உசரத்துக்கு எகிறுச்சு, திரும்ப விழுந்துச்சு, ஒரு கீறல்கூட இல்லாம அப்படியே உருண்டு, வேட்டிக்கும் சேலைக்கும் நடுவுல வழி கண்டுபிடிச்சு, லேட்டா வந்த ஆளு நைசா உள்ள நுழையற மாதிரி கம்பெனிக்குள்ள போயி, வைண்டிங் செக்‌ஷன்ல துளசிமணியோட பெஞ்சுக்கு அடியில உக்காந்துக்கிச்சு.

"உன்னையத் தேடித்தான்டி போயிருக்குது," ன்னா பக்கத்து பெஞ்சு ஷம்ஷாத். "சோம்பேறிக்கு சோம்பேறி துணை."

துளசிமணி கையில பூசணிக்காயைக் குடுத்ததுக்குக் காரணமே அதுதான். வருசத்துல யாரு அதிகமா லீவு போட்டாங்களோ அவங்க கையாலதான் திருஷ்டி கழிக்கணும்னு சென்னியப்பன் ஒரு வழக்கம் வெச்சிருந்தாரு. திட்டறதுக்குப் பதிலா ஊரைக் கூட்டி ஒரு நக்கல், அவ்வளவுதான். எல்லா வருசமும் அது துளசிமணிதான். அவ சோம்பேறிங்கறதுல அவளுக்கே சந்தேகம் இல்லை. ஆனா அவ சும்மா இருக்கறதை யாராச்சும் கிட்ட உக்காந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும், அவ சும்மா இருக்கறப்பதான் அவ மண்டை ஓடவே ஆரம்பிக்கும். கை வலிச்சு ஒரு நிமிசம் சாய்ஞ்சான்னா, இந்தக் கம்பி ஏன் எப்பவும் இடது பக்கமே சுருளுது, சைரன் ஊதுனா அந்த நாய் ஏன் கூடவே ஊளையிடுது, கம்பிக்கு அடிக்கற வார்னிஷ் வாசத்துக்கு ஏன் திங்கக்கெழமை மட்டும் தலை வலிக்குதுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு கேட்டுக்கிட்டே இருப்பா. பதில் கெடைக்குதா இல்லையாங்கறது அவளுக்கு ரெண்டாவது விசயம்.

வைண்டிங்னா என்னன்னு சொல்லிர்றேன். மோட்டாருக்குள்ள இரும்பு வளையம் ஒண்ணு இருக்கும், ஸ்டேட்டர்னு பேரு. அதோட உள்பக்கம் பூராப் பள்ளம் பள்ளமா வெட்டியிருக்கும். காப்பர் கம்பிக் கட்டை அந்தப் பள்ளத்துக்குள்ள விரலாலயே அமுத்தி அமுத்தி இறக்கணும். நகம் கிழியும், விரல் நுனி மரத்துப் போகும், ஷம்ஷாத் கையில ரேகை எல்லாம் எப்பவோ அழிஞ்சு போச்சு. ஒரு நாள் சாப்பிட்டு முடிச்ச அசதியில துளசிமணி பிளாஸ்டிக் சீப்பால தலையைச் சொறிஞ்சுக்கிட்டே தூங்கி வழிஞ்சப்ப, சீப்பு நழுவிக் கம்பிக் கட்டு மேல விழுந்து, பல்லுக்கு ஒரு கம்பியா வரிசையா நின்னுச்சு. அதைப் பாத்து அவ, அட, இப்படியே சீப்போட கொண்டு போயிப் பள்ளத்துல இறக்கிட்டா விரலே படாதேன்னு நெனைச்சா. செஞ்சும் பாத்தா. எல்லாம் இறங்குச்சு, கடைசி நாலு கம்பி மட்டும் துள்ளி வெளிய வந்துருச்சு.

டூல் ரூம் ஆரோக்கியம் அதைப் பாத்துட்டாரு. டூல் ரூம்ங்கறது அந்தக் கம்பெனியில யோசிக்கறதுக்குச் சம்பளம் குடுக்கற ஒரே ரூம். இதுவரைக்கும் ஒரு பொம்பளையும் அங்க வேலைக்குப் போனதில்லை.

"அந்த நாலு கம்பி துள்ளாம உக்கார வெச்சுக் காட்டு அம்மிணி," ன்னாரு. "தீபாவளி கழிச்சு இங்க எடுத்துக்கறேன்னு மொதலாளிகிட்டச் சொல்றேன். இல்லாட்டி வெளியாள் ஒருத்தன் வரேங்கறான், அவனுக்குத்தான்."

அன்னைல இருந்து துளசிமணிக்கு அந்த நாலு கம்பிதான் சாமி. சீப்பை இடுப்புலயே சொருகிக்கிட்டுத் திரிஞ்சா. அந்தச் சமயத்துலதான் பூசணிக்காய் உடையாமப் போச்சு.

ஏன் உடையலைங்கறதுக்கு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. தீபாவளி ஆர்டர் அவசரம்னு சென்னியப்பன் ஒரே ஒரு மெஷினை மட்டும் நிறுத்தாம, மாலை போட்டு, சந்தனம் வெச்சு, ஓடறப்பவே பூஜை பண்ணிட்டாரு, ஆயுதம் தூங்காத அன்னைக்குத் திருஷ்டி எப்படிப் போகும்னு சிலர் சொன்னாங்க. பூசணிக்காய்க்குள்ள காசு போடறதுக்குப் பதிலா பித்தளை வாஷர் போட்டுட்டாரு, அதான் கெட்டியாயிருச்சுன்னு சிலர் சொன்னாங்க. காய் முத்தல், வேற ஒண்ணும் இல்லைன்னா ஷம்ஷாத். சம்மட்டியில அடிச்சாங்க, வழுக்கிருச்சு. கடப்பாரையில குத்துனாங்க, கடப்பாரை வளைஞ்சுச்சு. சரி, பொரி ஆறிப் போகுது, அப்புறம் பாத்துக்கலாம்னு எல்லாரும் பொரியும் கடலையும் வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க.

மறுநாள் விஜயதசமி. பேருக்கு ஒரு ஸ்டேட்டர் சுத்தி, சாமியைக் கும்பிட்டுட்டு, மத்தியானமே கெளம்பறதுதான் வழக்கம். அன்னைக்கு யாரும் கெளம்பலை.

மொதல்ல அதை யாரும் கவனிக்கவே இல்லை. ஒண்ணு சுத்துனாங்க, இன்னொண்ணு சுத்துனாங்க, சைரன் ஊதுச்சு, சுத்துனாங்க, பொழுது சாஞ்சுச்சு, சுத்துனாங்க. லைட்டைப் போட வந்த சென்னியப்பன்தான் வாசப்படியில நின்னு, "ஏனுங், யாரும் வீட்டுக்குப் போகலீங்களா?" ன்னு கேட்டாரு. அப்பத்தான் துளசிமணி தலையைத் தூக்குனா. கழுத்து வலிக்கலை. இடுப்பு வலிக்கலை. விரல் நுனி காலையில வந்தப்ப இருந்த மாதிரியே இருந்துச்சு. அவ பெஞ்சுக்கு அடியில பூசணிக்காய் நேத்தைக்கு இருந்ததை விடக் கொஞ்சம் பெருசா இருந்துச்சு.

அவங்க அசதி எல்லாம் அதுக்குள்ள போயிட்டிருக்குதுன்னு கண்டுபிடிக்க ரொம்ப நாள் ஆகலை. வேலை அதிகமான அன்னைக்கு அது அதிகமா வீங்குச்சு, கரண்டு போன அன்னைக்கு அப்படியே இருந்துச்சு. இது தெரிஞ்சதும் யாரும் பயப்படலை. சென்னியப்பன் சாக்குல பிரிமணை சுத்தி அது மேல பூசணிக்காயை உக்கார வெச்சாரு, வெள்ளிக்கெழமை வெள்ளிக்கெழமை பொட்டு வெச்சாரு. அது துளசிமணி பெஞ்சைத் தூக்கற அளவு வளர்ந்ததும் பெஞ்சைத் தள்ளிப் போட்டாங்க, அலமாரியை இடிச்சதும் அலமாரியைத் தூக்கி வெளிய வெச்சாங்க, வார்னிஷ் ரூம் செவுத்தைத் தொட்டதும் கொத்தனாரைக் கூப்பிட்டுச் செவுத்தையே இடிச்சாங்க. கொத்தனாரு உள்ள வந்து கொஞ்ச நேரம் வேலை பாத்ததும் அவருக்கும் அசதி போயிருச்சு. இடிக்கச் சொன்ன செவுத்தோட நிக்காம பக்கத்துச் செவுத்தையும் இடிச்சுட்டு, ரெண்டையும் திரும்பக் கட்டித் தரட்டுமான்னு ஆர்வமாக் கேட்டாரு.

யாரும் உக்காரலைங்கறதால நாற்காலி எல்லாத்தையும் ஓரமா அடுக்குனாங்க. யாரும் டீ கேக்கலைங்கறதால எதுத்தாப்புல டீக்கடை வெச்சிருந்த வேலாத்தாவுக்கு யாவாரம் படுத்துருச்சு. மெடிக்கல்ல தைலம் விக்கலை. பஸ்ஸுல எடம் பிடிக்கத் துண்டு போடறவங்க எல்லாம், பரவால்ல நீங்க உக்காருங்கன்னு எடத்தைக் குடுத்துட்டு, அதுலயும் பொறுமை இல்லாம முந்தின ஸ்டாப்லயே எறங்கி நடந்தாங்க. வீட்டுக்குப் போயும் கை நிக்கலை. தேய்ச்ச பாத்திரத்தையே தேய்ச்சாங்க, மடிச்ச துணியைப் பிரிச்சுத் திரும்ப மடிச்சாங்க, பக்கத்து வீட்டு வாசலையும் சேத்துக் கோலம் போட்டாங்க. ஞாயித்துக்கெழமைதான் அவங்களுக்கு எமனா இருந்துச்சு. ஷம்ஷாத் ஒரு ஞாயித்துக்கெழமை வீட்டுல இருந்த வெங்காயத்தை எல்லாம் உரிச்சுட்டு, தெருவுல இருக்கற வெங்காயத்தையும் உரிச்சுக் குடுத்துட்டு, திங்கக்கெழமை விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி கேட்டுல வந்து நின்னா. அவளுக்கு முன்னாடியே அங்க ஒரு கூட்டம் நின்னுச்சு.

பக்கத்துக் கம்பெனிக்காரங்க எல்லாம் வந்து பூசணிக்காயைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போனாங்க. சென்னியப்பன் கெட்ட மனுசன் இல்லை. ஆளுங்க சிரிச்ச மொகமா வேலை செய்யறதைப் பாத்து அவருக்குக் கண்ணே கலங்கிருச்சு. "என்ற ஆயுசுல இப்படி ஒரு வருசம் பாத்ததில்லீங்," ன்னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னாரு. சொல்லிக்கிட்டே அவரும் நடந்துக்கிட்டே இருந்தாரு, ஏன்னா அவராலயும் நிக்க முடியலை.

துளசிமணிக்கும் சந்தோசம்தான். ஆயுசுலயே மொத தடவையா அவளை யாரும் சோம்பேறின்னு சொல்லலை. ஆனா அவ புருசன் தங்கராசு, மினி ஆட்டோ ஓட்டறவன், ஒரு நாள் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே அவளை உத்துப் பாத்தான்.

"ஏனம்மிணி, உன்ற தொணதொணப்பு எங்க போச்சு?"

"என்ன தொணதொணப்புங் மாமா?"

"வந்ததும் தரையில மல்லாந்து படுத்துக்கிட்டு, இந்த ஃபேனை ஆஃப் பண்ணுன பின்னாடியும் ஏன் சுத்துது, பல்லி ஏன் விழ மாட்டேங்குதுன்னு என்ற உசுரை எடுப்பியே. ரெண்டு வாரமா ஒரு கேள்வியும் காணோம். எனக்கு வீடு மாறி வந்த மாதிரி இருக்குது."

துளசிமணி யோசிச்சுப் பாத்தா. யோசிக்க வரலை. படுக்கணும்னு தோணலை, அதனால ஃபேனைப் பாக்கலை, அதனால பல்லியையும் பாக்கலை. அவ பேசிக்கிட்டே, கழுவுன தட்டைத் திரும்பக் கழுவிக்கிட்டு இருந்தா.

அடுத்த நாள் டெஸ்டிங்ல இருந்து சேதி வந்துச்சு. அனுப்புன மோட்டார் எல்லாம் திரும்பி வருது. ஓடுது, ஆனா பம்புல தண்ணி சரியா ஏறலை. பாத்தா எல்லாம் எதிர்ப்பக்கமாச் சுத்துது. ஆயுத பூஜைக்குப் பின்னாடி வந்த வைண்டிங் வரைபடத்துல ரெண்டு கம்பி முனை மாறியிருந்திருக்கு, அதைப் பாத்து ஒருத்தி மாத்திக் கட்டியிருக்கா, அவளைப் பாத்து அடுத்தவ, அவளைப் பாத்து எல்லாரும். மத்த நாளா இருந்தா ஷம்ஷாத் இடுப்பை நிமித்தி ஒரு முறி முறிக்கறப்ப அப்படியே கண்ணு ஓடி, "இதென்னடி புதுசா இருக்குது?" ன்னு கேட்டிருப்பா. இப்ப யாரு இடுப்பை நிமித்தறா? டெஸ்டிங் பண்றவனும் மீட்டரைப் பாத்தான், அடுத்ததை எடுத்தான், மீட்டரைப் பாத்தான், அடுத்ததை எடுத்தான். மோட்டார் எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்க ஒரு நிமிசம் சும்மா நிக்கணும்ல.

"அதுக்கென்னங், பிரிச்சு மறுபடியும் சுத்திரலாம்," ன்னாரு சென்னியப்பன். "அசதிதான் இல்லையே."

"சுத்திரலாமுங்," ன்னாங்க எல்லாரும். ஒருத்தி மொகமும் சுளிக்கலை. அத்தனை மோட்டாரையும் பிரிச்சு, கம்பியை உருவி, முதல்ல இருந்து சுத்துனாங்க. துளசிமணியும் சுத்துனா. சுத்தறப்ப அவளுக்குள்ள எங்கயோ ஒரு எடத்துல, இதுக்கு நான் கோவப்படணுமேன்னு ஒரு நெனைப்பு, அடுத்த வீட்டு ரேடியோ மாதிரி கேட்டுச்சு. கோவம் மட்டும் வரலை.

ஆரோக்கியம் வந்து நின்னாரு. அவரும் நின்ன எடத்துலயே கால் மாத்திக் கால் மாத்தி நின்னாரு.

"என்ன அம்மிணி, அந்தச் சீப்பு என்னாச்சு? நாளைக்கு மத்தியானம் மொதலாளி முடிவு பண்றாரு. காட்டறதா இருந்தா அதுக்குள்ள காட்டு. இல்லாட்டி வெளியாளை வரச் சொல்லிருவேன், அப்புறம் என்னையக் கொறை சொல்லக் கூடாது."

அவ இடுப்புல இருந்து சீப்பை எடுத்தா. பாத்தா. ஒரு சீப்பு. பல்லு இருக்குது. இதை வெச்சு நான் என்னமோ கேட்டுக்கிட்டு இருந்தேனே, என்ன அது? கம்பியை அதுல மாட்டிப் பள்ளத்துல இறக்குனா, கடைசி நாலு துள்ளுச்சு. திரும்ப இறக்குனா, துள்ளுச்சு. திரும்ப. திரும்ப. சலிக்கவே இல்லை அவளுக்கு. அதுதான் கஷ்டமே. சலிச்சிருந்தா நிறுத்தியிருப்பா, நிறுத்தியிருந்தா வேற மாதிரி பாத்திருப்பா. அவ அதையே அதே மாதிரி செஞ்சுக்கிட்டே இருந்தா, டூல் ரூம் கதவு அவ கண்ணு முன்னாடியே மெல்ல மூடிக்கிட்டு இருந்துச்சு, அவ கையோ நிக்க மாட்டேங்குது.

மறுநாள் காலையில வேலாத்தா உள்ள வந்தா. பூஜை அன்னைக்குக் குடுத்து விட்ட டம்ளரை எல்லாம் திருப்பி வாங்கிட்டுப் போலாம்னு வந்தவ, அதுக்குள்ள பூசணிக்காய் கூரைத் தகரத்தை முட்டி, கேட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சு நுழையற சந்துதான் இருந்துச்சு, அதுல சிக்கி, திட்டிக்கிட்டே வந்து, அடுக்கி வெச்சிருந்த நாற்காலியில ஒண்ணை இழுத்துப் போட்டு உக்காந்தா. அந்தக் கம்பெனியில ஒரு ஆளு உக்காந்து பாத்து ரொம்ப நாள் ஆயிருந்துச்சு. எல்லாரும் சுத்திக்கிட்டே திரும்பிப் பாத்தாங்க.

"காலெல்லாம் வீங்கிக் கெடக்குது," ன்னா வேலாத்தா. பூசணிக்காயை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தா. "ஏன்டி, இத்தனை நாளா இதைக் கட்டிக்கிட்டு அழறீங்களே, உள்ள என்ன இருக்குதுன்னு ஒருத்தியாச்சும் எட்டிப் பாத்தீங்களா?"

எல்லாரும் கம்பியைச் சுத்திக்கிட்டே இருந்தாங்க.

"துளசி, நீயுமா பாக்கலை? கடைக்கு வந்தா பாய்லரைத் தொறந்து பாத்துட்டுத்தான் டீயே குடிப்ப நீ."

மீன் முள்ளு தொண்டையில நிக்கற மாதிரி அந்தக் கேள்வி துளசிமணிக்கு நின்னுச்சு. அது தன்னோட கேள்வி. தான் கேக்க வேண்டிய கேள்வி. மூடியை வெட்டுனதே தான்தான், குங்குமத்தைக் கொட்டுனதும் தான்தான், உள்ள என்னன்னு ஒரு நாளும் கேக்கலை. அவ முழுங்கப் பாத்தா, போகலை. துப்பப் பாத்தா, வரலை.

அந்த நேரம் பாத்து வேலாத்தா ஒரு கொட்டாவி விட்டா. காது வரைக்கும் வாயைத் தொறந்து, கண்ணுல தண்ணி வர, சொடக்குப் போட்டு, நிதானமா ஒரு கொட்டாவி. கொட்டாவி ஒட்டுவாரொட்டிதான, துளசிமணிக்கும் வாய் தொறந்துச்சு. தொறந்தது தொறந்தபடியே நின்னுச்சு. உள்ள ஒண்ணும் இல்லை. வெறும் வாய்.

அவளுக்குப் பதிலா பூசணிக்காய் கொட்டாவி விட்டுச்சு. கூரைத் தகரம் படபடத்துச்சு, டம்ளரெல்லாம் ஆடுச்சு, மூடி லேசாத் தூக்கி, ஆ...ன்னு ஒரு சூடான காத்து வந்து திரும்ப மூடிக்கிச்சு.

"அது என்ற கொட்டாவி," ன்னா துளசிமணி.

ஏணியை எடுத்துச் சாத்துனா. அங்கயும் இங்கயும் நடந்துக்கிட்டு இருந்த சென்னியப்பன் ஓடி வந்தாரு.

"அம்மிணி, வேண்டாம். ஆயுத பூஜையில இருந்து இன்னைக்கு வரைக்கும் உள்ள அசதி பூரா அதுக்குள்ள நிக்குது. ஒரேயடியா எறங்குனா ஆளு தாங்குமா? தீபாவளி ஆர்டர் போகட்டும், அப்புறம் ஏதாச்சும் பண்ணலாம்."

"அப்புறம் வெளியாள் வந்துருவானுங்களே."

"யாரு வந்தா என்ன அம்மிணி? உனக்கு வேலை இருக்குது, சம்பளம் இருக்குது, உடம்புல ஒரு வலி இல்லை. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

நல்ல கேள்விதான். துளசிமணி அதுக்குள்ள ஏணியில பாதி ஏறியிருந்தா. பதிலை ஷம்ஷாத்துதான் சொன்னா. கையில கம்பியைச் சுத்திக்கிட்டே, தலையைத் தூக்காமயே சொன்னா.

"அது எங்க அசதிங்ணா. நாங்க ஒழைச்சுச் சேத்தது. குடுத்துருங்க. தாங்கறோமா சாகறோமா, எங்க பாடு."

சென்னியப்பன் அவளையே பாத்தாரு. அவரு கால் மட்டும் இருந்த எடத்துல நடந்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் ரெண்டு கையாலயும் ஏணியைப் பிடிச்சுக்கிட்டாரு. தடுக்கத்தான் பிடிச்சாரா, ஆடாம இருக்கட்டும்னு பிடிச்சாரான்னு அவருக்கே தெரியலை. ஆனா ஏணி ஆடலை.

மேல, கொத்தனாரு கலவை அள்ளற பாண்டு சட்டி அளவுக்கு வளர்ந்திருந்துச்சு மூடி. துளசிமணி அதோட விளிம்புல விரலை விட்டா, போகலை. ஸ்க்ரூ டிரைவர் விட்டா, வழுக்குச்சு. இடுப்புல இருந்த சீப்பை எடுத்து, பல்லு பல்லா அந்தக் கீறலுக்குள்ள நுழைச்சு, முழு பாரத்தையும் போட்டு நெம்புனா. உள்ள இருந்து வந்த சூட்டுல சீப்பு இளகி, கடைசிப் பல்லு எல்லாம் உள்பக்கமா வளைஞ்சுச்சு. அப்புறம் மூடி, குக்கர் விசில் போடறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுமே, அப்படி ஒரு மூச்சு விட்டுத் தொறந்துக்கிச்சு.

அவ எட்டிப் பாத்தா. உள்ள ஒண்ணும் பயங்கரமா இல்லை. மத்தியானம் ரெண்டு மணி இருந்துச்சு. ஆயுத பூஜையில இருந்து அன்னைக்கு வரைக்கும் வந்த எல்லா மத்தியானமும் ஒண்ணு மேல ஒண்ணு மடிச்ச போர்வை மாதிரி இருந்துச்சு, தைல வாசத்தோட, தயிர்சாத வாசத்தோட, பஸ் ஜன்னல்ல சாய்ஞ்ச தலையோட எண்ணெப்பிசுக்கோட. அது பூரா எந்திரிச்சு வெளிய வந்துச்சு.

மொதல்ல ஷம்ஷாத் கை நின்னுச்சு. அவ தன்னோட கையை ஏதோ அடுத்தவ கை மாதிரி பாத்தா. "யா அல்லா, என்ன வலி," ன்னு ரொம்பப் பிரியமாச் சொல்லிட்டு, அப்படியே பெஞ்சு மேல கன்னத்தை வெச்சா. அவளைத் தொட்டு அடுத்தவ, அவளைத் தொட்டு அடுத்தவ, வரிசை பூராச் சாஞ்சுச்சு. ஆரோக்கியம் டூல் ரூம்ல இரும்பைக் கவ்விப் பிடிக்கற வைஸு மேலயே தலையை வெச்சாரு. சென்னியப்பன் ஏணியைக் கட்டிப் பிடிச்சபடியே சரிஞ்சு உக்காந்து, குழந்தை மாதிரி வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குனாரு. வேலாத்தாதான் பாவம், அவளுக்கு ஏற்கெனவே இருந்த அசதியோட இதுவும் சேந்து, டம்ளரை மடியில வெச்சபடியே தூங்கிப் போயிட்டா.

அது கம்பெனியோட நிக்கலை. அங்க இருந்தவங்களுக்கு மட்டும் பிரிச்சுக் குடுத்திருந்தா அவங்க எந்திரிச்சிருக்கவே மாட்டாங்க, அது அதுக்கே தெரிஞ்ச மாதிரி அந்தச் சந்து வழியா ரோட்டுக்கு வந்துச்சு. டீக்கடை பாய்லர் மூச்சு விடறதை நிறுத்துச்சு. டவுன் பஸ் கண்டக்டர் விசிலை வாயில வெச்சபடியே தூங்குனாரு, டிரைவர் நல்ல வேளையா ஸ்டாப்புல நிறுத்தியிருந்தாரு. சிக்னல்ல பச்சை விழுந்துச்சு, யாரும் ஹாரன் அடிக்கலை. பேங்க்ல டோக்கன் கூப்பிடற பொண்ணு டோக்கன் நம்பரைப் பாதியில விட்டுட்டா. தங்கராசு மார்க்கெட்டுல தக்காளிக் கூடை மேல சாய்ஞ்சான். ஸ்டேஷன்ல நின்ன ரயில்ல எல்லாம் ஏறி அது ஈரோட்டுப் பக்கம் கொஞ்சம், பாலக்காட்டுப் பக்கம் கொஞ்சம், மேட்டுப்பாளையத்துப் பக்கம் கொஞ்சம்னு போச்சு. போகப் போக மெலிஞ்சுச்சு, ஆனா நிக்கலை.

துளசிமணி கண்ணு முழிச்சப்ப ஏணிக்கு அடியில சாக்கு மேல கெடந்தா. வெயில் சாய்ஞ்சு தகர ஓட்டை வழியா உள்ள வந்திருந்துச்சு. உடம்புல வலிக்காத எடமே இல்லை. இடுப்பு வலிச்சுச்சு, விரல் வலிச்சுச்சு, அவளுக்கு இருக்குதுன்னே தெரியாத எலும்பெல்லாம் வலிச்சுச்சு. மல்லாந்தே கெடந்தா. மேல ஃபேன் நின்னுருந்துச்சு. அந்த ஃபேன் றெக்கையில தூசி ஏன் ஒரு ஓரமா மட்டும் படியுதுன்னு தோணுச்சு. அவளுக்கு அழுகையே வந்துருச்சு.

மெல்ல எந்திரிச்சுப் பெஞ்சுக்குப் போனா. சீப்பு கையிலயே இருந்துச்சு, கடைசிப் பல்லெல்லாம் வளைஞ்சு கோணல்மாணலா. நிமித்தி வெச்சுத்தான் போட்டுப் பாக்கணும். ஆனா யாரு நிமித்தறா? கை அப்படி வலிக்குது. சலிப்பா இருந்துச்சு. போனாப் போகுதுன்னு வளைஞ்சது வளைஞ்சபடியே கம்பியை மாட்டிப் பள்ளத்துல இறக்குனா. எல்லாம் இறங்குச்சு. கடைசி நாலும் வந்துச்சு, துள்ளப் பாத்துச்சு, வளைஞ்ச பல்லு கொக்கி மாதிரி அமுக்கிப் பிடிச்சுக்கிச்சு, உள்ள போயி உக்காந்துச்சு. மூங்கில் ஆப்பைச் சொருகிப் பள்ளத்தை மூடுனா.

துள்ளலை.

அவ அந்த ஸ்டேட்டரைத் தூக்கிட்டு டூல் ரூமுக்குப் போனா. ஆரோக்கியம் கன்னத்துல வைஸோட அச்சு பதிஞ்சிருந்துச்சு. ஒரு கண்ணை மட்டும் தொறந்து பாத்தாரு. ஸ்டேட்டரைத் திருப்பிப் பாத்தாரு. அந்த நாலு கம்பியையும் நகத்தால தட்டிப் பாத்தாரு.

"மணி என்ன ஆச்சு? மத்தியானம்னு தான சொன்னேன்."

"மத்தியானம் நீங்க தூங்கிட்டீங்கண்ணா."

"மொதலாளி?"

"அவரு இன்னும் எந்திரிக்கலீங்."

ஆரோக்கியம் பெருசா ஒரு கொட்டாவி விட்டாரு. "அப்ப மத்தியானம் இன்னும் முடியலை," ன்னாரு. "தீபாவளி கழிச்சு வா. செருப்புல வரக் கூடாது, ஷூ போட்டுட்டு வா." சொல்லிட்டுத் திரும்பத் தலையை வெச்சுக்கிட்டாரு.

வெளிய பூசணிக்காய் பழைய அளவுக்குச் சுருங்கி, இடிச்ச செவுத்துக்கு நடுவுல சின்னதா உக்காந்திருந்துச்சு. எல்லாரும் எந்திரிச்ச பின்னாடி, பூஜை அன்னைக்கு நிறுத்தாம விட்ட அந்த ஒரு மெஷினையும் சென்னியப்பன் தன் கையால நிறுத்துனாரு. துளசிமணி பூசணிக்காயை எடுத்துட்டுப் போயி கேட்டு முன்னாடி லேசாத்தான் போட்டா, கைதான் வலிக்குதே. படக்குன்னு உடைஞ்சு, குங்குமமும் வாஷரும் செதறுச்சு. வண்டி வழுக்கிரும்னு உடனே ஓரமாத் தள்ளிட்டாங்க. தள்ளறதுக்குள்ள எல்லாருக்கும் மூச்சு வாங்கிருச்சு, வேலாத்தா கடையில போயி வரிசையா உக்காந்துட்டாங்க. தீபாவளி ஆர்டர் லேட்டாத்தான் போச்சு. ஆனா போன மோட்டார் எல்லாம் சரியான பக்கமாச் சுத்துச்சு.

இப்ப நான் கேக்க வந்தது வேற. அந்தத் தீபாவளிக்குக் கொஞ்ச நாள் முன்னாடி, ஒரு நாள் காலை முடிஞ்சு மத்தியானம் ஆரம்பிக்கற நேரம், நேத்து நல்லாத் தூங்கியும், உடம்புக்கு ஒண்ணும் இல்லாமயும், நீங்க பாட்டுக்கு வேலை பாத்துக்கிட்டு இருந்தப்ப, காரணமே இல்லாமக் கண்ணு சொக்கி, கையில இருந்ததை அப்படியே கீழ வெச்சுட்டு ஒரு நிமிசம் சாய்ஞ்சீங்களா? அப்ப எங்க இருந்தோ லேசா வார்னிஷ் வாசம் அடிச்சுச்சா? திரும்பக் கண்ணைத் தொறந்தப்ப, தெனமும் பாக்கற ஏதோ ஒண்ணைப் பாத்து, இது ஏன் இப்படி இருக்குதுன்னு உங்களுக்கும் தோணுச்சா?